எட்டு மார்க் வளைவு

அடியே,

ஆதார் கார்டை நகல் எடுக்க இன்று காலை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். மெஷினிலிருந்து வந்த தாளை எடுத்துக் கடைக்காரர் என் கையில் கொடுத்தார். சுடச்சுட இருந்தது. அந்த வாசனை உனக்குத் தெரியும், மையும் சூடும் கலந்து லேசாகத் தீய்ந்த மாதிரி இருக்குமே, அதுதான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அவர் பயந்தே போனார். "இன்னாம்மா, சரியா வுழலியா? வேற ஒண்ணு எடுக்கட்டா?" என்றார். "நல்லாத்தாங்க கீது. எனக்கு இந்த வாசனையே ஆவாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. யாரிடம் கத்துவது? நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. ஆகட்டுமே. நான் கத்தினால் காது கொடுத்துக் கேட்டவள் நீ ஒருத்திதான், இதையும் நீதான் கேட்டாக வேண்டும். உனக்குச் சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது. அது கடைசியில் வரும். அவசரப்படாதே, நீ எதற்கும் பொறுக்கமாட்டாய்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுவாரம் ஞாபகம் இருக்கிறதா? கணக்கு சார் உள்ளே வந்து சில பேர்களை வாசித்தார். உன் பேர், என் பேர், நம் தெருப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேரின் பேர். வாசித்த பேரெல்லாம் எழுந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருந்த புங்கமரத்தடிக்குப் போக வேண்டும், இனி கணக்குப் பீரியடு நமக்கு அங்கேதான். நமக்கு ஒரு பேரும் வைத்தார்கள். மெல்லக் கற்போர். கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பார். மக்கு என்று சொல்லியிருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

மரத்தடியில் ஆளுக்கொரு மெலிசுப் புத்தகம் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் எடுத்து ஓரத்தில் பின் அடித்தது, தொட்டால் இன்னும் சூடு இருந்தது, அதே தீய்ந்த வாசனை. உள்ளே வரைபடக் கணக்கு ஒன்று, வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற கணக்கு ஒன்று, இன்னும் சில்லறையாகச் சில. "இத்தை மட்டும் நெட்டுரு போடுங்க, பாஸ் ஆயிடலாம். பெரிய புக்கைப் பையிலேயே வைங்க, அது உங்களுக்கு வேணாம்" என்றார் சார். நான் சந்தோஷப்பட்டேன். சொன்னால் என்ன, பாரம் குறைந்தது என்றுதான் இருந்தது. நீ ஒருத்திதான் அந்தப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என் காதில் சொன்னாய்: "நாம மெல்லமா கத்துக்கறோம்னா அவங்க மெல்லமா சொல்லிக் குடுக்கணும். இவங்க சொல்லிக் குடுக்கறதையே நிறுத்திட்டாங்களேடி. இதுக்கு இன்னாடி பேரு?"

நாம் அதை நெட்டுரு போட்டோம். மாரியம்மன் கோயில் வேண்டுதல் மாதிரி போட்டோம். எக்ஸ் பக்கம் இத்தனை, ஒய் பக்கம் இத்தனை, புள்ளி இங்கே, புள்ளி அங்கே, எல்லாவற்றையும் சேர்த்தால் குடத்தின் அடிப்பாகம் மாதிரி ஒரு வளைவு வரும். அந்த வளைவு எதைச் சொல்கிறது, ஏன் வளைகிறது, நேராகப் போனால் யார் குடி முழுகும், ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். உன் கை நல்ல கை. உன் வளைவு பிசிறே இல்லாமல் இருக்கும், மரத்தடியில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள்.

அப்புறம் வந்தது அந்தத் திருப்புதல் தேர்வு. நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்தால் வயிறு எரிகிறது. வினாத்தாளில் வரைபடக் கணக்கு வந்தது. எண்கள் வேறு. நமக்கு அது என்ன தெரியும்? வரைபடம் என்றால் அந்த ஒரு வரைபடம்தானே. மரத்தடிக் கூட்டம் மொத்தமும் மெலிசுப் புத்தகத்தில் இருந்த வளைவையே போட்டு வைத்தது. அதே இடத்தில் அதே குடம், ஒருத்தர் விடாமல். சார் விடைத்தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே உட்கார்ந்திருந்த பெரிய புத்தகப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். நம்மை வெயிலில் முட்டி போட வைத்தார்.

நீ முட்டி போட்டபடியே கையைத் தூக்கினாய். "சார், நீங்க குடுத்த புக்குல இது ஒண்ணுதான் கீது. நம்பர் மாறினா இன்னா பண்ணணும்னு அதுல போடலியே சார்." நியாயமான கேள்வி. இன்றைக்கும் சொல்வேன், அதைவிட நியாயமான கேள்வி அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை. அவர் என்ன சொன்னார்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேள்வி கேக்கறதுக்கு மட்டும் வாயி கீது" என்றார். கேட்டதற்கு நீ இன்னும் ஒரு பீரியடு அங்கேயே முட்டி போட்டிருந்தாய். எனக்கு முட்டி வலித்தது மட்டும்தான் அன்றைக்குத் தெரிந்தது. உனக்கு வலித்தது வேறு எங்கோ என்று பின்னால்தான் புரிந்தது.

பொதுத்தேர்விலும் எண்கள் வேறாகத்தான் வந்தன. அதே எண்கள் எதற்கு வரும்? நீயும் நானும் கணக்கில் பெயில். தமிழில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க், அதை யார் கேட்டார்கள். அடுத்த நடவுக்கு நம் இரண்டு பேரையும் அம்மாக்கள் கழனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் உனக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், இரண்டும் இதே ஊரில். கணக்கு செத்தது சனியன் விட்டது என்று நான் இருந்தேன்.

நீ இருக்கவிட்டாயா?

கம்பெனி பஸ்ஸில் நாம் ஏறத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரே சீட்டு, நீ ஜன்னல், நான் பக்கத்தில். இரண்டு பேருக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலை, நீலக் கோட்டு, நாளெல்லாம் மாப்பு. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, பேக்கிங் செக்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட் இருக்கிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்றார். உட்கார்ந்து செய்கிற வேலை. சம்பளமும் கூட. உனக்கு இடுப்பு வலி ஆரம்பித்திருந்த காலம் அது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நீ சொன்னாய்: "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு பேப்பர்தானடி பாக்கி. எழுதிடலாம் வா."

தனித்தேர்வராக எழுதலாம் என்று தெரிந்துகொண்டோம். நான் முதல் வேலையாகப் பஸ் ஸ்டாண்டு கடையில் போய் மெலிசுப் புத்தகம் வாங்கினேன். ஆமாம், அதே மாதிரி. இப்போது அட்டையெல்லாம் கலரில் போட்டு விற்கிறார்கள். நீ யார் வீட்டிலோ கேட்டு அரசாங்கத்துப் பெரிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாய். "இந்தவாட்டி இத்தைத்தான் படிக்கப்போறேன். இதுல இன்னாதான் கீதுன்னு பாத்துடறேன்" என்றாய். ஏதோ பதினைந்து வருஷமாக உனக்கென்று சமைத்து உனக்கு மட்டும் பரிமாறாமல் வைத்த சாப்பாடு மாதிரி பேசினாய். எனக்கு எரிச்சல். "பாஸ் பண்றதுக்கு வழி பாருடி, பேஜாரு பண்ணாத" என்றேன்.

ஆனால் அந்த ஆறேழு மாசம் இருக்கிறதே, அதை மறக்க முடியுமா? உன் போனில் கணக்கு வீடியோ, ஒரே இயர்போன், ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு. வீடியோவில் ஒரு ஆள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவான். "இதிலிருந்து தெளிவாகிறது" என்பான். நீ உடனே நிறுத்திவிடுவாய். "யாருக்குடா தெளிவாச்சு? எனக்கு ஆவலியே! தெளிவாகிறதாம், தெளிவு. இன்னொரு தபா சொல்லு" என்று போனைப் பார்த்து நிஜமாகவே சண்டை போடுவாய். பின் சீட்டுக்காரிகளெல்லாம் சிரிப்பார்கள். புத்தகத்தில் "எளிதில் காணலாம்" என்று போட்டிருந்தால் அந்த இடத்தில் பேனாவால் ஒரு அறை அறைவாய், தாளில் மை பதிந்துவிடும். "எளிதாம். எளுதினவன் வூட்ல வந்து கேக்கறேன் இரு." அப்படியே திட்டிக்கொண்டே, திட்டிக்கொண்டே, கணக்கு உனக்கு வந்துவிட்டது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. திடீரென்று ஒருநாள் பஸ் குலுங்கக் குலுங்க நாலு வரியில் போட்டுவிட்டு, நாஷ்டா டப்பாவைத் திறந்து இட்லி தின்ன ஆரம்பித்தாய்.

மைனஸ் விஷயம் அப்போது நடந்ததுதான். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று நீ ஒன்பதாவதிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருத்தரும் சொல்லவில்லை. அப்படித்தான், மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான். பங்குனி மாசம், பஸ் தென்னேரி ஏரியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. கழனிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், மதகுப் பக்கத்துப் படிக்கட்டில் வாரத்துக்கு ஒரு படி வீதம் ஏரி இறங்கிக்கொண்டு வந்தது. நீ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தவள், என் தொடையில் ஒரு அடி அடித்தாய் பார், இன்னும் வலிக்கிறது.

"இங்க பாருடி! வாரத்துக்கு ஒரு படி எறங்குது. அது மைனஸு. மூணு வாரம் கழிச்சி வந்தா மூணு படி எறங்கிப் பூடும், சரியா? இப்ப நீ பின்னால போ. மூணு வாரம் முன்னாடி. அதுவும் மைனஸுதானே? அப்ப தண்ணி எங்க இருந்துது?"

"மேல இருந்துது" என்றேன்.

"எவ்ளோ மேல?"

"மூணு படி மேல."

"மேலன்னா இன்னாடி? பிளஸ்ஸுதானே! மைனஸும் மைனஸும் பெருக்கி பிளஸ்ஸு வந்துட்சா?"

நீ போட்ட கூச்சலில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, லாட்டரி வுழுந்துட்சா?" என்றார். நீ சிரித்தாய். அப்புறம் ஏரி கண்ணுக்கு மறைந்ததும் உன் முகம் மாறியது. "ஒம்பதாவதுலேர்ந்து கேட்டுக்கினு கீறேன். ஏரியைக் காட்டி ஒரு நிமிசத்துல சொல்லியிருக்கலாம். எவனும் சொல்லலியேடி" என்றாய். உன் கண்ணில் தண்ணீர். நான் இட்லியை எடுத்துக் கொடுத்தேன்.

பரீட்சை வந்தது. காஞ்சிபுரத்தில் சென்டர். உனக்கு நான் படித்துப் படித்துச் சொன்னேன். முதலில் வரைபடம், அப்புறம் தொடுகோடு, அதை முடித்துவிட்டு உன் வித்தையெல்லாம் காட்டு என்று சொன்னேன். இந்தமுறை எண் மாறினாலும் எப்படிப் போடுவது என்று எனக்கும் நீதான் பழக்கி வைத்திருந்தாய். நான் அதேபோல வளைவைப் போட்டேன், தொடுகோட்டைப் போட்டேன், மெலிசுப் புத்தகத்துச் சில்லறைகளைப் போட்டேன், வெளியே வந்தேன். நீ கடைசி மணி அடித்த பிறகுதான் வந்தாய். முகம் பளபளவென்று இருந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்.

"பஸ்ஸு கணக்கு வந்துதே, பாத்தியா? அறுபது கிலோமீட்டரு. பத்து கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டினா அரை மணி முன்னாடி பூடுது, மொதல்ல எவ்ளோ வேகத்துல போச்சுன்னு. அத்தப் போட்டேன்டி! நடுவுல தப்பாப் போச்சு, அடிச்சிட்டு மொதல்லேர்ந்து போட்டேன். ரெண்டு விடை வருது. ஒண்ணு முப்பது. இன்னொண்ணு மைனஸ் நாப்பது. மைனஸ் நாப்பதுல போற பஸ்ஸு எது, நம்ம டிரைவர் அண்ணன் ரிவர்ஸு எடுக்கறதா? எனக்கு உள்ளயே சிரிப்பு வந்துட்சு, ஹால்ல காவலுக்கு நின்ன அம்மா மொறைச்சாங்க. அத்தத் தள்ளிட்டு முப்பதுன்னு எளுதினேன்."

"வரைபடம்?" என்றேன்.

"நேரம் இல்ல."

நான் நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? "எட்டு மார்க்குடி அது! கண்ண மூடிக்கினு போடுவியே! ஒரு பஸ்ஸு எவ்ளோ வேகத்துல போனா உனக்கு இன்னாடி?"

நீ நிதானமாகச் சொன்னாய்: "கண்ண மூடிக்கினு போட்டது போதும்டி."

ரிசல்ட் வந்தபோது முப்பத்தைந்துக்கு உனக்கு நாலு மார்க் குறைந்தது. நான் பாஸ். அந்த எட்டு மார்க் வளைவில் பாதி போட்டிருந்தால் போதும், நீயும் பாஸ். மறுமாசம் நான் பேக்கிங் செக்ஷனில் உட்கார்ந்தேன், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ மாப்போடு போய்க்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துக் கையாட்டுவாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வரும். வந்த வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவளை என்னவென்று சொல்வது? அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை, தெரிந்துகொள். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினாய். "இந்தவாட்டி ரெண்டையும் போடறேன், போதுமா? உன் வளைவை மொதல்ல போடறேன், கத்தாத" என்றாய்.

அதற்குள் உனக்கு அடுத்த பைத்தியம் பிடித்தது. பூஜ்யம். ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும்? அந்த வீடியோக்காரன் "வரையறுக்கப்படவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். நீ விடுவாயா? "வரையறுக்கப்படலன்னா? யாரு வரையறுக்கல? இத்தனை வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க, தூங்கிக்கினு இருந்தாங்களா?" என்று பஸ்ஸே அதிரக் கேட்டாய். எனக்குப் பாஸ் ஆன திமிர். "அது எதுக்குடி உனக்கு, அதெல்லாம் கேள்வில வராது" என்றேன். "வராட்டி போவட்டும். எனக்குத் தெரியணும்" என்றாய். இறங்கும்போதுகூட, "திங்கக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிடறேன் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

திங்கட்கிழமை நீ பஸ்ஸுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அந்த வாரத்துக்குள் ஆஸ்பத்திரி, அடுத்த வாரம் எல்லாம் முடிந்தது. அதைப்பற்றி எழுத என் கை வராது, விடு. உன் வீட்டுக்காரர் உன் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்தப் பெரிய புத்தகம், நீ பேனாவால் அறைந்த அறைகளோடு. "இத்த வெச்சிக்கினு எனக்கு இன்னா தெரியப்போவுது" என்றார் பாவம். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

இப்போது இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். என் மகள் பத்தாவது. உன்னை அத்தை அத்தை என்று சுற்றி வருவாளே, அவள்தான். காலாண்டு ரிசல்ட் வந்த மறுநாள் பையைத் திறந்து ஒரு மெலிசுப் புத்தகத்தைத் தரையில் போட்டாள். அதே ஜெராக்ஸ், அதே வாசனை. "என்னைத் தனியா உக்கார வெச்சிட்டாங்கம்மா" என்றாள். எனக்குப் புங்கமரத்தடி வெயில் அப்படியே முதுகில் ஏறியது. இத்தனை வருஷம். நாம் முட்டி போட்ட இடத்தில் அந்த மரம்கூட இப்போது இல்லை, வெட்டிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். மெலிசுப் புத்தகம் மட்டும் போகவில்லை, பார்த்தாயா!

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கணக்கு மிஸ் சின்ன வயசு, நான் கத்துவதற்கென்றே போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாதிக் கத்தல் அடங்கிவிட்டது. தூக்கம் கெட்ட முகம். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணுக்கு நான் கெடுதல் நெனைக்கலம்மா. காலாண்டுல பதினெட்டு மார்க். இந்த மெட்டீரியலை மட்டும் படிச்சா முப்பத்தஞ்சு நிச்சயம். முழுப் புத்தகத்தையும் படிக்கிறேன்னு போய் கோட்டை விட்டா, பத்தாவது ஃபெயில்னு நிக்கும். ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் மேல இருந்து என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்யட்டும்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்தப் பெண் நிலைமை அதுதான். எனக்கும் பயம் வந்துவிட்டது. உன் நாலு மார்க் கண் முன்னால் வந்து நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ கையாட்டிக்கொண்டு போனது வந்து நின்றது. பேசாமல் சரி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. வாசலில் நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்து, "இன்னாடி சொல்ற?" என்றேன்.

"ஃபெயில் ஆயிடுவேனோன்னு பயமாத்தான் கீது" என்றாள். "ஆனா உள்ள உக்காந்துக்கறேம்மா. தனியா உக்காந்துக்கினு அதே படத்தையே வரைஞ்சிக்கினு கீறதுக்கு அசிங்கமா கீது."

அப்புறம் என் வாய் நிற்கவில்லை. "மிஸ், நானும் இந்தப் புக்கைப் படிச்சிதான் பாஸ் பண்ணேன். சர்ட்டிபிகேட் கீது, வேலை கீது, இல்லன்னு சொல்லல. ஆனா எம் பொண்ணு கணக்குப் புக்கை எடுத்தாந்து அம்மா இது இன்னான்னு கேட்டா எனக்கு ஒண்ணியும் தெரியாது. என்கூட எளுதினவ ஒருத்தி, நாலு மார்க்குல போனா. அவ இருந்திருந்தா எம் பொண்ணு இந்த மூலையில உக்காந்திருக்க மாட்டா. ஃபெயிலானா என்னைக் கேளுங்க, உங்களை யாருனா கேட்டா அவங்களையும் என்கிட்ட அனுப்புங்க. இவளுக்குப் பெரிய புக்கைச் சொல்லிக் குடுங்க. மெல்லமா சொல்லிக் குடுங்க, அவ்ளோதான்."

மிஸ் ஒரு பட்டியலை எடுத்து மகளின் பேரை அடித்தார். "சரி, உள்ள வந்து உக்காரட்டும். ஆனா வரைபடத்தை மட்டும் விடக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

"அத்த வுடமாட்டா மிஸ். அதுக்கு நான் கேரண்டி" என்றேன். நீ சிரித்திருப்பாய்.

அரையாண்டில் மகளுக்கு இருபத்தேழு. இன்னும் பெயில்தான். மறைத்து என்ன பிரயோஜனம்? அன்றைக்கு இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று அவள் அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொதுத்தேர்வு இதோ வந்துகொண்டிருக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உன் பெரிய புத்தகத்தைத்தான் அவள் வைத்துப் படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கொடுத்ததை விட்டுவிட்டு. நீ பேனாவால் அறைந்த இடம் வந்தால், "அத்தைக்கும் இங்கதான் புரியல" என்று சிரித்துக்கொண்டே இரண்டாம்முறை படிக்கிறாள். அது அவளுக்கு என்னவோ தைரியமாக இருக்கிறதாம்.

சேதி என்று சொன்னேனே, அது நேற்று வந்தது. சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரைக்கு ஓடிவந்தாள். "ம்மா, நீ சொன்னியே, அத்தையோட பூஜ்யக் கேள்வி, இன்னிக்கி மிஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"திட்டினாங்களா?" என்றேன். பார், எனக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

"இல்லம்மா. நல்ல கேள்வின்னாங்க. அந்தப் பீரியடு பூரா அதைத்தான் சொன்னாங்க."

கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். "சொல்லு" என்றேன்.

"பன்னெண்டை மூணால வகுக்கறதுன்னா, பன்னெண்டுலேர்ந்து மூணு மூணா எத்தனை தபா எடுக்கலாம்னு அர்த்தம். நாலு தபா எடுத்தா தீந்துடும். அதான் விடை நாலு. இப்ப ஏரியை ஒரு கொடத்தால மொண்டு எறைக்கறோம்னு வெச்சிக்கோ. எத்தனை கொடத்துல ஏரி வத்தும்னு கேட்டா, கொடம் எவ்ளோ பிடிக்கும்னு பாத்து சொல்லிடலாம். கொடத்துக்கு அடியே இல்லன்னா? ஒரு சொட்டும் நிக்காது. ஆயிரம் தபா மொண்டாலும் ஏரி அப்டியேதான் கீது. எத்தனை தபால வத்தும்னு கேட்டா இன்னா சொல்றது? பத்துன்னாலும் தப்பு, கோடின்னாலும் தப்பு. எந்த நம்பரும் அங்க நிக்காதும்மா. அதான் வரையறுக்கலன்னு போட்டுக்கீறாங்க."

கேட்டுக்கொண்டாயா? யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லையாம். அடியில்லாத குடம், அவ்வளவுதான் விஷயம். நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே, "அப்ப ஏரியிலயும் தண்ணி இல்லன்னா? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா?" என்று அடுத்ததைக் கேட்டிருப்பாய், என்னை அடித்தும் இருப்பாய். எனக்கு அழுகை வந்தது. குழம்பு அடிப்பிடித்தது. மகள் என்னைப் பார்த்து, "ஏம்மா அழற, புரியலியா?" என்றாள். "புரிஞ்சிதுடி" என்றேன். நிஜமாகவே புரிந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கணக்கில் புரிந்த இரண்டாவது விஷயம் அது, முதலாவது நீ சொன்னது, இரண்டும் ஏரி.

நாளைக்கு எனக்கு முதல் ஷிப்ட். தென்னேரி வரும்போது ஜன்னல் பக்கம் நான்தான் உட்கார்ந்திருப்பேன். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கிற கேள்வியையும் மகளிடம் சொல்லி அனுப்பப்போகிறேன், மிஸ் பாவம், இன்னொரு பீரியடு போகும். போகட்டும். ஒன்பதாவதிலிருந்து நீ கேட்டாய், முட்டி போட்டபடி கேட்டாய், மாப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். உனக்கு யாரும் சொல்லாததைச் சொல்ல ஒரு பீரியடுதான் ஆகியிருக்கிறது. ஒரே ஒரு பீரியடுடி. அதைக்கூட அவர்கள் உனக்குத் தரவில்லையே.